பழைய பெட்ரோல் பங்க் மனையா? வெறும் ‘சாயில் டெஸ்ட்’ கேட்டு ஏமாறாதீர்கள்

திருச்சி–புதுக்கோட்டை சாலையில் ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். முன்பு அங்கே பெட்ரோல் பங்க் இருந்தது. டேங்கை எடுத்து மண் போட்டு மூடி ஆறேழு வருஷம் ஆகிவிட்டது என்றார் உரிமையாளர். 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு போர் தண்ணீரில் எண்ணெய் கலந்து வந்த கதை ஞாபகம் வந்தது. சரி, மண்ணையும் நிலத்தடி நீரையும் பார்த்துவிடுவோம் என்று டெஸ்டிங் செய்யும் ஒருவரைப் பிடித்தேன். “ரெண்டும் சேர்த்து 32,000 சார்” என்றார். பங்க் இருந்த இடம் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் “அதெல்லாம் வந்துடும் சார்” என்றார்.

ரிப்போர்ட் வந்தது, அழகாக பைண்டிங் போட்டு. மண்ணுக்கு என்ன இருந்தது தெரியுமா? தாங்குதிறன். எத்தனை மாடி கட்டலாம், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்ற கணக்கு. நம்ம ஊரில் சாயில் டெஸ்ட் என்றால் கட்டட வேலைக்குச் செய்வதுதான், அது எனக்கு உறைக்கவில்லை. தண்ணீருக்கு டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு), கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு. கடைசியில் “குடிக்க உகந்தது”. பெட்ரோல் மின்சாரத்தைக் கடத்தாது. டிடிஎஸ் மீட்டர் மின்கடத்தலை வைத்துத்தான் அளக்கும், அதற்கு பெட்ரோல் இருப்பதே தெரியாது.

மாதிரி எடுத்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வண்டி நிறுத்த வசதி என்று கேட் பக்கத்தில் துளை போட்டார்கள். டேங்க் இருந்த குழி பின்பக்கம். தண்ணீரை போரிலிருந்து எடுக்கவில்லை, மாடி சின்டெக்ஸ் டேங்கின் குழாயில் பழைய மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்தான் ஒரு பையன். பாதி நிரப்பி, மூடி, வெயிலில் பைக் பெட்ரோல் டேங்க் மேலேயே வைத்தான். (இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.)

அப்புறம் வேறொரு லேபில் விசாரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கேட்க வேண்டியது பெட்ரோலில் இருக்கும் பென்சீன், டொலுவீன் வகையறாவும் மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பனும். பென்சீன் புற்றுநோய் தரக்கூடியது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு. பென்சீன் காற்றில் பறந்துவிடும். அதனால் தண்ணீரை 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் ஒரு குமிழி கூட இல்லாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் கொண்டுபோக வேண்டும். மண்ணை மேலாக அள்ளினால் பயனில்லை, டேங்க் அடிமட்டத்துக்குக் கீழே எடுக்க வேண்டும். நிலத்தடி நீரோட்டம் போகும் பக்கத்தில் ஒரு துளையாவது வேண்டும். லேபுக்கு என்ஏபிஎல் (பரிசோதனைக் கூடங்களுக்கான தேசிய அங்கீகாரம்) இருந்தால் மட்டும் போதாது, அந்த அங்கீகாரப் பட்டியலில் பென்சீன் இருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவரின் கிணற்றில் மழைக்காலத்தில் வானவில் மாதிரி படலம் மிதக்குமாம். அவரே குச்சியால் கலைத்துக் காட்டினார். இரும்பு பாக்டீரியா படலம் என்றால் சில்லு சில்லாக உடையும். இது உடனே மறுபடி ஒன்று சேர்ந்துகொண்டது, எண்ணெய்ப் படலம் அப்படித்தான் சேரும்.

முதலில் டெஸ்ட் செய்தவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “நீங்க சாயில் டெஸ்ட்தானே கேட்டீங்க?” என்கிறார். வாட்ஸ்அப்பில் நான் எழுதியிருந்ததும் அதே வார்த்தைதான். புது லேப் ஆட்கள் வரும் வாரம் வருகிறார்கள். பெரியவர் கிணற்றுக்கும் சேர்த்து இரண்டு குப்பி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பத்திரப் பதிவைத் தள்ளி வைத்தாயிற்று.