புகையிலை நாற்று: குச்சி குத்துவதா, நோட்டில் குறிப்பதா?

அபிராமி, மீனாட்சி, பாக்யலட்சுமி என்று வேடசந்தூர் பக்கத்து ரகங்கள் மூன்றையும் ஒரே நாளில் விதைத்துவிட்டு, இருபதாம் நாள் எது எது என்று முழித்த அனுபவம் எனக்கு உண்டு. ஒரு கிராமில் 10,000 விதைக்கு மேல் இருக்கும், முளைத்தால் எல்லாம் ஒரே முகம். எந்த நாற்றுத் தட்டில் (குழித்தட்டு) எந்த ரகம் என்று தெரிய இரண்டு வழி: ரகப் பெயர் எழுதிய குச்சியைத் தட்டில் குத்துவது, இல்லையென்றால் தட்டுகள் இருக்கும் வரிசையை நோட்டில் குறிப்பது.

செலவு: ஐஸ் குச்சிக்குச் சில்லறைக் காசு. நோட்டுக்கு அதுவும் இல்லை.

உழைப்பு: குச்சி என்றால் தட்டுக்குத் தட்டு எழுத வேண்டும். நோட்டில் ஒரு பக்கத்தில் கட்டம் போட்டால் முடிந்தது.

தாங்குமா: நாற்று நடவுக்கு வர நாற்பது நாளுக்கு மேல் ஆகும், அதுவரை தினமும் தண்ணீர். மார்க்கர் எழுத்து வெயிலில் வெளுத்துவிடும், பென்சிலில் அழுத்தி எழுதினால் நிற்கும் (இதை நான் கற்றுக்கொள்ள ஒரு பருவம் போனது). ஆனால் குச்சியை அணில் பிடுங்கிப் போட்டால் அவ்வளவுதான். நோட்டு வீட்டுக்குள் பத்திரமாக இருக்கும், ஆனால் வெயிலுக்காக யாராவது தட்டுகளை இடம் மாற்றி வைத்தால் மொத்தக் கணக்கும் தலைகீழ். அதனால் ரகத்துக்கு ரகம் வேறு மாதிரியாகத் தட்டின் மூலையைக் கத்தரியால் வெட்டி அடையாளம் வைத்துவிடுங்கள்.

அப்புறம், ஒரே தட்டில் இரண்டு ரகம் போடுகிறவர்களுக்கு இரண்டுமே உதவாது, பூவாளித் தண்ணீரிலேயே விதை பக்கத்துக் குழிக்கு ஓடிவிடும்.

இரண்டு மூன்று ரகம், தட்டைத் தொடுவது நீங்கள் மட்டும் என்றால் நோட்டு போதும். ஆள் வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறீர்களா, குச்சிதான்.