‘இறங்க’ என்ற சொல்லில் நின்றுபோன அறிக்கை: இணையவழி விபத்துப் பதிவு முறையுடன் மூன்று ஆண்டுகள்

வவுனியாவில் அரிசி ஆலையொன்றின் பாதுகாப்புப் பொறுப்பை அண்மையில் ஏற்ற நண்பர் ஒருவர், “அண்ணை, நீங்கள் பாவிக்கிற அந்த ஒன்லைன் முறையை நாங்களும் எடுக்கலாமோ?” என்று கடந்த கிழமை கேட்டார். கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அலுவலராக அதை மூன்று ஆண்டுகளாக நாள்தோறும் திறந்து பார்ப்பவன் நான். இருந்தும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. போன மாதம்தான் அதன் பெரிய குறை திருத்தப்பட்டது என்பதால், நியாயமாக எழுத வேண்டும் என்ற எண்ணமும் இன்னும் ஆறாத கோபமும் ஒன்றாகவே இருக்கின்றன.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பு வேலை செய்கிற ஒரு பிள்ளைக்குக் கையில் நீராவி பட்டாலும் லைன் மேற்பார்வையாளரிடம் சொல்லி, அவர் மனம் வைத்தால்தான் அது பதிவேட்டில் ஏறும். இப்போது கைத்தொலைபேசியில் படம் எடுத்து, விரும்பினால் பெயரை மறைத்து, அவரே அனுப்பிவிடலாம். விசுவமடு, தருமபுரம் பக்கத்திலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வருகிறவர்கள், வழியில் சிக்னல் இல்லாவிட்டாலும் எழுதி வைத்தால் சிக்னல் கிடைத்ததும் அது தானாகப் போய்விடும். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி, விபத்தினால் ஒருவர் மூன்று நாட்களுக்கு மேல் முழு வேதனம் உழைக்க முடியாமற் போனால் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவித்தாக வேண்டும்; அந்த நாள் கணக்கைச் செயலி தானே எண்ணி எனக்குச் சிவப்பு அடையாளம் காட்டுகிறது. முன்பு நான் நாட்காட்டியில் வட்டம் போட்டு எண்ணிய வேலை அது.

எனக்கு மிகப் பெரிய மகிழ்ச்சி தந்தவை அருந்தப்புகள்தான். காயம் எதுவும் ஏற்படாமல் மயிரிழையில் தப்பிய சம்பவங்களைப் பதியும் பகுதிக்குச் செயலி ‘அருகாமைத் தவறு’ என்று பெயர் வைத்திருந்தது. யாருக்கும் விளங்காத அதை ‘அருந்தப்பு’ என்று மாற்றச் செய்த பிறகு அறிக்கைகள் வரத் தொடங்கின. ஒரு கடுமையான காயத்துக்குப் பின்னால் 29 சிறு காயங்களும் 300 காயமற்ற சம்பவங்களும் இருக்கின்றன என்று 1931 இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர் ஹைன்ரிச் எழுதிய விகிதத்தைப் பலர் மறுத்துவிட்டார்கள் என்றாலும், அந்தக் காயமற்ற சம்பவங்களை யாராவது சொன்னால்தான் காயத்தைத் தடுக்கலாம் என்பதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இனிக் குறைக்கு வருகிறேன். இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில், ஐந்தாம் லைனில் தைக்கும் ஒரு தங்கச்சியின் அறிக்கை என் திரையில் இப்படி வந்தது: “ஐந்தாம் லைனில் பிற்பகல் காற்சட்டைப் பை தைத்துக்கொண்டிருந்தேன். நூல் அறுந்தது. மெசினை நிறுத்தாமல் நூல் கோத்தேன். கால் மிதியில் பட்டு மெசின் ஓடியது. ஊசி நகத்தை உரசியது, விரலுக்குள் இறங்க”. அவ்வளவுதான். தலைமையகத்தில் அதைப் படித்தவர்கள் ஊசி விரலுக்குள் இறங்கியதாகவே எடுத்துக்கொண்டு, காயம் என்று வகைப்படுத்தி, வைத்திய அறிக்கை எங்கே, காயப்பட்டவர் ஏன் விடுப்பு எடுக்கவில்லை என்று மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினார்கள். அந்தப் பிள்ளையை அலுவலகத்துக்கு இரண்டு தரம் அழைத்தார்கள். அவர் எழுதியதோ ‘இறங்கவில்லை’ என்று. அதற்குப் பின்னால், “ஊசிக் காப்பு மூன்று நாளாகக் கழன்று கிடக்கிறது, மெக்கானிக்கிடம் இரண்டு தரம் சொன்னேன்” என்றும் எழுதியிருந்தார். விரல் ஊசிக்குக் கீழே போகாமல் தடுப்பதுதான் அந்தக் காப்பு. எங்கள் எல்லோருக்கும் தேவையாக இருந்த அந்த ஒரு வாக்கியம் எங்கேயும் சேமிக்கப்படவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பல கிழமைகள் எடுத்தன. நடந்ததை எழுதும் பெட்டியில் 500 எழுத்துகள் எழுதலாம் என்று திரை சொல்கிறது. எண்ணிக் காட்டும் இலக்கமும் இன்னும் நிறைய இடம் இருப்பதாகவே காட்டும். ஆனால் மறுமுனையில் சேமிக்கும் இடம் 500 பைட்டுகளுக்கே அளந்து வைக்கப்பட்டிருந்தது; பைட்டு என்பது கணினி சேமிப்பிடத்தை அளக்கும் அலகு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். தமிழிலோ மெய்க்கும் அதன்மேல் வரும் குறிக்கும் தனித்தனியே மூன்று மூன்று பைட்டுகள் வேண்டும்; ‘தொழிற்சாலை’ என்ற ஒரு சொல்லே 30 பைட்டுகள். அந்த அறிக்கையை ‘இறங்க’ வரை எண்ணிப் பார்த்தேன்: இருபத்திரண்டு சொற்கள், சரியாக 500 பைட்டுகள். மிச்சத்தை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் செயலி வெட்டி எறிந்துவிட்டது. சிங்களத்துக்கும் இதே கணக்குத்தான். தமிழில் வினையும் மறுப்பும் வாக்கியத்தின் கடைசியில் வருகின்றன. நடந்ததை முதலில் சொல்லிக் காரணத்தைப் பிறகு சொல்வதும் நம் வழக்கம். ஆகவே கடைசியை வெட்டுகிற ஒரு முறை, நடந்ததா இல்லையா என்பதையும் ஏன் நடந்தது என்பதையும் சேர்த்தே வெட்டுகிறது.

இதற்கிடையில் அந்தக் காப்பு பூட்டப்படவில்லை. எட்டாம் நாள் அதே மெசினில் வேறொரு பிள்ளையின் சுட்டுவிரலில் ஊசி ஏறி முறிந்தது. முறிந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டும் வரை அந்த மெசின் ஓடக் கூடாது என்பது ஆடைத் தொழிற்சாலைகளில் நடைமுறை. ஒரு துண்டு உடுப்புக்குள் போய்விடக் கூடாதே. அன்று மாலை மூன்று துண்டுகளும், ஒன்று வைத்தியசாலையில் விரலிலிருந்து எடுத்தது, ஒட்டுநாடாவின் கீழ் வரிசையாக இருந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உடுப்புக்காக ஒரு முழுப் பக்கம் இருந்தது. விரலுக்காக எழுதிய பிள்ளைக்கு இருபத்திரண்டு சொற்கள் மட்டுமே கிடைத்தன. முதலில் எழுதிய பிள்ளை அதன் பிறகு ஒரு வருடம் எதையும் பதியவில்லை. நாள் தவறாமல் வேலைக்கு வந்தால் கிடைக்கும் வரவுப் படியை நம்பி வீடு நடத்துகிற ஒருவர், அலுவலகத்துக்கு மறுபடி அழைக்கப்படுவதை விரும்ப மாட்டார்.

விற்ற நிறுவனத்துக்கு ஆதாரங்களுடன் எழுதினேன். “சுருக்கமாக எழுதச் சொல்லுங்கள்” என்பது முதற் பதில். பதினான்கு மாதங்கள் கழித்துப் பெட்டியைப் பெரிதாக்கினார்கள். இப்போது நீண்ட அறிக்கைகள் முழுமையாக வருகின்றன. வேறு எந்தக் குறையும் சொல்வதற்கில்லை, வேகமும் கூடியிருக்கிறது. மேலே நான் புகழ்ந்த எல்லாவற்றையும் இன்றும் புகழ்வேன்.

ஆனாலும் நண்பருக்கு, வாங்க வேண்டாம் என்றே பதில் அனுப்பினேன். பழைய அறிக்கைகளில் வெட்டுண்ட பகுதிகள் திரும்பி வரவில்லை. வெட்டுண்டவை எவை என்று பட்டியல் தரவும் அவர்கள் தயாராக இல்லை. அதனால் எங்கள் முதலுதவிப் பெட்டிக்கு அருகில் நூலில் கட்டிய ஒரு சீஆர் கொப்பி இன்னும் தொங்குகிறது, பிள்ளைகள் இரண்டிலும் எழுதுகிறார்கள்.

அவர் விடவில்லை, வேறு எதை வாங்குவதானாலும் எப்படிச் சோதிப்பது என்று கேட்டார். அந்தத் தங்கச்சியின் அறிக்கையை, காப்புக் கழன்று கிடந்த வாக்கியம் வரை, முழுமையாகத் தட்டெழுதி அனுப்பியிருக்கிறேன். விற்க வருபவரின் முன்னால் அதைப் பெட்டியில் இட்டு, மறுமுனையில் திறந்து, மெக்கானிக்கிடம் சொன்ன இடம் வரை வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு அழைக்கச் சொன்னேன்.