21,000 ரூபாய் போனும் அம்மிச்சியின் பச்சைப் புள்ளியும்

கோபிசெட்டிபாளையத்தில் 19 வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், சீர், காதுகுத்து என்று எடுத்த முகங்களுக்குக் கணக்கில்லை. அவசரத்துக்கு ரீல்ஸ் எடுக்க ஒரு போன் வேண்டும் என்று ஆடி மாதம் ஈரோடு பிரப் ரோட்டில் 21,000 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சார்ஜ் ஒன்றரை நாள் நிற்கிறது. அந்தியூர் குதிரைச் சந்தையில் உச்சி வெயிலிலும் திரை பளிச்சென்று தெரிந்தது. குதிரைகள் அருமையாக விழுந்தன. கறுப்புக் குதிரை கறுப்பாகவே வந்தது. மனிதர்களை எடுக்கும்போதுதான் வினை.

அம்மிச்சிக்கு (அம்மாவைப் பெற்றவர்) 78 வயது. மஞ்சள் வெட்டியே காய்ப்பேறிய கை, காட்டு வெயிலில் கறுத்த முகம், மோவாயில் சின்ன வயதில் குத்திய பச்சைப் புள்ளி. திண்ணையில் உட்கார வைத்து எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஆரு கண்ணு இவ? டவுன்காரியாட்டம் இருக்கறா."

புள்ளியைக் காணோம். பரு என்று நினைத்து போன் துடைத்துவிட்டது போல. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால், நாம் கேட்காமலே 'அழகு' என்பதைப் பாதி அளவில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். பூஜ்யத்துக்கு இழுத்தேன். புள்ளி வந்தது, நிறம் வரவில்லை. எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, இறக்கினால் முகம் சரியாகிறது, ஆனால் பின்னால் திண்ணை இருண்டுவிடுகிறது.

எங்கள் தொழிலுக்கு இது புதிதில்லை. பிலிம் காலத்தில் லேப்களில் நிறம் சரிபார்க்க பிலிம் கம்பெனியான கோடாக்கின் 'ஷெர்லி கார்டு' என்ற மாதிரிப் படம் இருந்தது. பல காலம் அதில் வெள்ளைக்காரப் பெண் மட்டும்தான். அவர் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். மென்பொருள் வந்தும் கதை பெரிதாக மாறவில்லை. ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2018ல், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருளைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களிடம் 34.7 வரை போனது. கூகுள் 2021ல் தன் பிக்ஸல் 6 போனை, கருநிறத்தை உள்ளபடி காட்டும் 'ரியல் டோன்' கேமரா என்று விளம்பரப்படுத்தியது. சரி, வாங்கலாமே என்றால் அந்த போன் இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை. மறு வருடம் பிக்ஸல் 6ஏ வந்தது, 43,999 ரூபாய்க்கு.

என் போனின் விளம்பரம் "வாய்ப்பு எல்லோருக்கும்" என்று முடியும். கண்ணாடிக் கட்டடத்தில் நாலு சிவப்பான பிள்ளைகள் ஏதோ ஆப் செய்கிறார்கள். கறுத்தவர் ஒரே ஒருவர், வயலில் நிற்கும் விவசாயி. (தலைத்துண்டில் கடை மடிப்புகூடக் கலையவில்லை.) அவர் கையில் சொந்த போன் இல்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி நீட்டுகிறாள், அவர் வாங்கிப் பார்த்து வியக்கிறார். எங்கள் பக்கம் ஈரோட்டு மஞ்சள் விலையை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுத்தான் மூட்டையையே வண்டியில் ஏற்றுகிறார்கள். வியக்கிற ஆளை எங்கே பிடித்தார்களோ!

அதே விளம்பரத்தில் கீழே 'வட்டியில்லாத் தவணை' என்று ஓடும். அதை நம்பி ஸ்டுடியோவில் உதவிக்கு இருக்கும் பையனும் என்னோடு கடைக்கு வந்தான். அவன் அம்மாவுக்குப் பவானியில் ஜமக்காளத் தறி. அவர் பெயரில்தான் தவணை கேட்டான். அவர் பேங்கில் கடனே வாங்கியதில்லை. அதனால் கடனைத் திருப்பிக் கட்டிய கணக்கைப் பார்த்துப் போடும் சிபில் ஸ்கோர் இல்லை, அதனால் தவணையும் இல்லை. எனக்குக் கார்டைத் தேய்த்ததும் இரண்டே நிமிடம், கூடவே ஒரு டீயும். அவனுக்கு, "அப்புறம் பாக்கலாம் தம்பி."

துணி, சாப்பாடு, குதிரை எடுக்க வாங்கலாம். முகம் எடுப்பவர்கள் கடையிலேயே 'அழகு' பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உங்கள் வீட்டிலேயே கறுத்த ஆளைக் கூட்டிப்போய் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன், அதுவும் சார்ஜுக்காக.

அம்மிச்சியைப் பழைய நிக்கான் கேமராவில் மறுபடி எடுத்து, பிரேம் போட்டு மாட்டிவிட்டேன். போனில் இருப்பதை அழிக்கப் போனால் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும் கண்ணு. உஞ் சின்னம்மாகிட்டக் காட்டோணும்."