ட்ரேயா, புராசசரா? லேசர் ஃபிலிம் கழுவுவதில் ஒரு டெல்டாக் கணக்கு

என் அக்கா மகன் மயிலாடுதுறையில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறான். கல்யாணப் பத்திரிகை, தாம்பூலப் பை, கடைப் பை எல்லாம் அடிப்பான். மூடப்போகிற ஓர் அச்சகத்திலிருந்து, லேசரால் ஃபிலிமில் எழுத்தும் படமும் எழுதும் இமேஜ்செட்டர் ஒன்றை மலிவாக வாங்கிவிட்டான். கூடவே கிடந்த, ஃபிலிமைத் தானே மருந்தில் கழுவித் தரும் புராசசர் மெஷினையும் எடுப்பதா, இல்லை நான் கும்பகோணத்தில் பல வருடம் செய்த மாதிரி ட்ரேயில் கையால் கழுவிக்கொள்வதா என்று போனில் கேட்டான். "ரெண்டுக்கும் ஒரே மருந்துதானே மாமா?" என்றான். மருந்து ஒன்றுதான். மற்ற எல்லாமே வேறு.

முதலில் ஃபிலிமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அச்சுக்குப் படம் எடுத்த பழைய புராசஸ் கேமராவில் ஃபிலிம் மேல் வெளிச்சம் பல விநாடிகள் விழும். லேசர் ஸ்கேனரிலும் இமேஜ்செட்டரிலும் ஒவ்வொரு புள்ளியும் மைக்ரோ விநாடிக் கணக்கில் எழுதப்படுகிறது. அந்த மின்னல் வேகத்துக்கு ஏற்றபடி தயாரித்த ஃபிலிம் இது. எந்த லேசரோ அந்த நிறத்துக்குத்தான் அது கண் திறக்கும். ஆர்கான் லேசர் 488 நானோமீட்டர், நீலம். ஹீலியம் நியான் 633, சிவப்பு. பின்னால் வந்த சிவப்பு லேசர் டயோடு 650 முதல் 680 வரை. நீல லேசருக்கான ஃபிலிமைச் சிவப்பு லேசரில் போட்டால் படம் விழாது.

இருட்டறை விளக்கு இதைப் பொறுத்ததுதான். கேமரா காலத்து ஆட்களுக்கு இருட்டறை என்றாலே சிவப்பு பல்பு. ஆர்கான் ஃபிலிமுக்கு அது சரி. ஹீலியம் நியான், சிவப்பு டயோடு ஃபிலிமுக்கு அதுவே எமன். அவற்றுக்குக் கரும்பச்சை விளக்குதான் வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் வேலை பார்த்த இடத்தில் முதல் பெட்டி லேசர் ஃபிலிம் வந்த அன்று, இருபது வருட அனுபவமுள்ள அண்ணன் ஒருவர் வழக்கம்போல சிவப்பு பல்பைப் போட்டுவிட்டுப் பெட்டியைப் பிரித்து, ஷீட்டுகளை எண்ணி அடுக்கினார். அன்று கழுவிய ஒவ்வொரு ஷீட்டும் ஓரத்திலிருந்து ஓரம்வரை கரிச்சட்டி மாதிரி கறுத்து வந்தது. "மருந்து கெட்டுப் போச்சு தம்பி" என்று இரண்டு தடவை புதிதாகக் கலக்கினார். மூன்றாவது ஷீட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த பல்பு உறைத்தது. ஒரு பெட்டி முழுக்கப் போயிற்று. அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

படத்தை எழுப்பும் மருந்தான டெவலப்பரிலும் இரண்டு கட்சி உண்டு. லித் டெவலப்பர் என்பது ஏ, பி என்று இரண்டு பாகமாக வரும், ஃபார்மலின் வாடை கண்ணை எரிக்கும். கலந்த சில மணி நேரத்திலேயே காற்றுப் பட்டு வலுவிழக்கும். கேமரா ஃபிலிமில் புள்ளியின் ஓரம் மங்கலாக விழும், அதைக் கூர்மையாக்க லித் தேவைப்பட்டது. லேசர் எழுதும் புள்ளி பிறக்கும்போதே கூர்மை. அதற்கு ரேபிட் ஆக்சஸ் டெவலப்பரே போதும். காற்றில் கெடாமல் காக்கும் சல்ஃபைட் நிறைய இருப்பதால் நாள் கணக்கில் தாங்கும், வேகமும் அதிகம். வீட்டில் பழைய லித் மருந்து மிச்சமிருக்கிறதே என்று லேசர் ஃபிலிமுக்கு ஊற்றுவதில் எனக்குத் துளியும் சம்மதமில்லை. இந்தப் பேச்சு இத்தோடு சரி.

இப்போது ட்ரே. படத்தை எழுப்ப டெவலப்பர், அதை நிலைக்க வைக்க ஃபிக்சர், அலசத் தண்ணீர் என்று மூன்று ட்ரே. ரேபிட் ஆக்சஸ் மருந்து 35 டிகிரியில் சுமார் 30 விநாடியில் வேலையை முடித்துவிடும். மெஷினுக்கு அது வசதி. கைக்கு அது ஆபத்து, ஏனென்றால் ஷீட் முழுகவே இரண்டு மூன்று விநாடி ஆகும், முதலில் முழுகிய பக்கம் அடர்த்தியாகி மறுபக்கம் வெளிறிவிடும். அதனால் ட்ரேயில் மருந்தை 22, 23 டிகிரிக்குக் குளிர்வித்து ஒன்றரை நிமிடம் போல நிதானமாகக் கழுவ வேண்டும். நம் ஊரில் சித்திரை மாதம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. பெரிய ட்ரேயில் ஐஸ் போட்டு, அதற்குள் மருந்து ட்ரேயை வைத்து, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வோம். ஐஸ் கட்டி தவறி மருந்தில் விழுந்தால் மருந்து நீர்த்துவிடும், அதனால் ஐஸைப் பாலிதீன் பையில் கட்டித்தான் போடுவோம்.

தண்ணீரின் குணம் அடுத்தது. போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமிருந்தால் டெவலப்பரில் வெள்ளை வண்டல் கட்டும். காய்ந்த ஃபிலிமில் திட்டுத் திட்டாகத் தடம் நிற்கும். மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வரும் நாட்களில் ஆற்றை நம்பிய குழாயில் வண்டலும் சேர்ந்து வரும். மருந்து கலக்கக் கேன் தண்ணீர், அலச எந்தத் தண்ணீரும், கடைசி அலசலுக்கு மறுபடி கேன் தண்ணீரில், நீர் திட்டாக நிற்காமல் வழிய வைக்கும் வெட்டிங் ஏஜெண்ட் சில சொட்டு. செலவு சொற்பம். புராசசர் வைத்தாலும் இதே கதைதான், குழாய் முனையில் ஃபில்டர் ஒன்று கூட வேண்டும்.

புராசசரின் பெரிய பலம் ஒரே மாதிரித்தன்மை. வெப்பம், நேரம், கலக்கும் வேகம் மூன்றும் காலையிலும் மாலையிலும் ஒன்றுதான். போகிற ஃபிலிமின் பரப்பளவுக்கு ஏற்பப் புது மருந்தும் தானே சேரும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தாராசுரம் தேர் எனக்குக் காட்டியது. அங்குள்ள ஐராவதேஸ்வரர் கோயில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 2004ஐ ஒட்டி ஒரு மலருக்கு அட்டை செய்தோம். கல்தேரின் சக்கரம், குதிரை, பின்னால் மேகமூட்டம். முழுக்கச் சாம்பல் நிறம். நாலு கலர் அச்சில் கலருக்கு ஒரு ஃபிலிம். சாம்பல் நிறத்துக்குச் சயான் என்ற நீலத்தின் புள்ளி 50 சதவீதம் என்றால் மெஜந்தா என்ற இளஞ்சிவப்பும் மஞ்சளும் 40 பக்கம் நிற்க வேண்டும். அந்தச் சமநிலையில் சிறிது பிசகினாலும் கண் கண்டுபிடித்துவிடும். நான்கு ஃபிலிமையும் ட்ரேயில் ஒன்றன்பின் ஒன்றாகக் கழுவினேன். இரண்டாவதாகப் போட்ட மெஜந்தாவுக்கு முன்னால் ஐஸ் கரைந்து மருந்து சூடேறியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. அடித்துப் பார்த்தால் சோழர் கல் செம்மண் பூசிய சுவர் மாதிரி நின்றது. அடர்த்தி அளக்கும் டென்சிட்டோமீட்டரில் மெஜந்தா புள்ளி 4 சதவீதம் பெருத்திருந்தது. நான்கையும் திரும்ப எடுத்தோம். நாலு கலர் வேலை செய்யும் அச்சகம் எதுவானாலும் புராசசர்தான் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நாலு கலரில் இன்னொன்றும் உண்டு. பாலியெஸ்டர் ஃபிலிம் 10 டிகிரி வெப்பம் ஏறினால் ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர் நீளும். ஈரப்பதத்துக்கும் நீளும். இரண்டு ஃபிலிமைக் காலையிலும் இரண்டை உச்சி வெயிலிலும் எடுத்தால் கலர் கலரோடு உட்காராது. நான்கையும் ஒரே மூச்சில், ஒரே அறையில் எடுத்துவிட வேண்டும்.

ஆனால் புராசசர் தீனி கேட்கும். தினமும் ஃபிலிம் ஓடினால்தான் மருந்து புதிதாக இருக்கும். பல நாள் ஓய்வு கொடுத்தால் டெவலப்பர் காற்றுப் பட்டு நம் ஊர் டிகாக்ஷன் நிறத்துக்கு வந்துவிடும். ரோலரில் உப்பு பூத்து, காலையில் போடும் முதல் ஷீட்டில் கோடு கோடாக விழும். வீணான ஃபிலிம் ஒன்றை முதலில் ஓட்டி ரோலரைத் துடைத்துவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும். வாரம் ஒருமுறை ரோலர்களைக் கழற்றிக் கழுவ வேண்டும். அப்புறம் மின்சாரம். 2012இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, ஃபிலிம் ரோலருக்குள் பாதி போன நிலையில் கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுப்பதற்குள் அந்த ஷீட் டெவலப்பரிலேயே ஊறிக் கறுத்ததை எத்தனையோ முறை பார்த்தேன். அந்த நாட்களில் பேட்டரியில் எரியும் பச்சை விளக்கும் மூன்று ட்ரேயும்தான் வேலையை ஓட்டின.

திருச்சிக்கு அனுப்பி எடுத்து வாங்குவது என்ற மூன்றாவது வழியும் இருந்தது. தரம் நன்றாக இருக்கும். ஒரு எழுத்துப்பிழை என்றால் ஒரு நாள் போய்விடும். ஃபிலிமை இறுக்கிச் சுருட்டிப் பஸ்ஸில் போட்டு விட்டால் பிறை பிறையாக மடிப்புத் தடம் விழும்.

எந்த வழியானாலும் கறுப்பு உண்மையில் கறுப்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டென்சிட்டோமீட்டரில் 4க்குப் பக்கத்தில் வர வேண்டும். கருவி இல்லை என்றால் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்க்கலாம். கறுப்புக்குள் விளக்கு மங்கலாகக்கூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் ஸ்கிரீன் மேல் வைத்து வெளிச்சம் காட்டும்போது அந்த இடத்து எமல்ஷன் பூச்சும் இறுகி, எழுத்து திறக்காமல் அடைத்துக்கொள்ளும். ஊசிமுனை ஓட்டைகள் தெரிந்தால் தூசிதான் காரணம், ஓப்பேக் மை தொட்டு அடைக்க வேண்டும். ஸ்கிரீன் வேலைக்கு ஃபிலிமில் படம் பதிந்த எமல்ஷன் பக்கம் மேலே இருக்கும்போது எழுத்து நேராகப் படிக்க வேண்டும், ஆஃப்செட்டுக்கு எமல்ஷன் கீழே இருக்கும்போது. இதை மாற்றி எடுத்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன்.

ட்ரேக்காரர்களிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பழைய ஃபிக்சரை அப்படியே வாசல் சாக்கடையில் ஊற்றுவார்கள். அது எங்கே போகிறது? வாய்க்காலுக்கு, அரசலாற்றுக்கு, வயலுக்கு. அதில் வெள்ளி கரைந்திருக்கிறது. புராசசர் வைத்தவர்கள் கேனில் பிடித்து வைப்பார்கள், வெள்ளி எடுப்பவர்கள் வந்து காசு கொடுத்து வாங்கிப் போவார்கள். ட்ரேயில் கழுவுபவர்களும் ஒரு கேன் வைத்தால் போதும். பழுதான ஃபிலிமுக்கும் விலை உண்டு.

அக்கா மகனுக்கு ஒரு கலர், மிஞ்சினால் இரண்டு கலர் வேலைதான். நாளைக்கு ஐந்தாறு ஷீட் தாண்டாது. புராசசரை எடுக்காதே என்று சொல்லிவிட்டேன். மூன்று ட்ரே, தெர்மாமீட்டர், ஐஸ் பெட்டி, கேன் தண்ணீர், ஃபிக்சருக்கு மூடி போட்ட கேன், கைக்கு ரப்பர் உறை. அவன் வாங்கிய இமேஜ்செட்டர் சிவப்பு டயோடு. கரும்பச்சை விளக்குக்குச் சொல்லி வைத்திருக்கிறான். அது வந்து மாட்டும்வரை ஃபிலிம் பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழிக்காதே என்று நேற்றும் ஒரு முறை போன் செய்து சொன்னேன்.