கிறிஸ்துமஸ் பலகாரக் கூடை: கேக்கா, முந்திரிக்கொத்தா?

டிசம்பர் இரண்டாம் வாரம் வந்துவிட்டால் நாகர்கோவில், தூத்துக்குடி, பாளையங்கோட்டை பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஒரே பேச்சுதான்: இந்த வருஷம் என்ன பலகாரம் செய்வது, யார் யாருக்குக் கொடுப்பது. வீட்டில் தின்பதற்கு எதைச் சுட்டாலும் சரி, அடுப்படியிலேயே பாதி காலியாகிவிடும். கொடுத்துவிடும் பலகாரத்தின் கதை வேறு. அது எதிர்வீட்டுக்குப் போகும், ஆபீசுக்குப் போகும், கூரியரில் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகும், சமயத்தில் துணிமணிக்கு நடுவே சுற்றி வைக்கப்பட்டுக் குவைத்துக்கும் போகும். வாங்கியவர் அன்றைக்கே பிரிப்பார் என்ற நிச்சயமும் இல்லை. போதாததற்கு அது வடகிழக்குப் பருவமழை முடிகிற காலம், காற்றில் ஈரம் இருக்கும். அதனால் எத்தனை நாள் இருக்கும், எவ்வளவு குலுக்கலைத் தாங்கும், வாங்குகிறவர் அதைச் சாப்பிடுகிறவர்தானா என்ற மூன்றையும் பார்த்துத்தான் பலகாரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ருசியை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.

எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பிளம் கேக். 1883-ல் தலச்சேரியில் மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்காக மாம்பள்ளி பாப்பு சுட்டுக் கொடுத்ததுதான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்வார்கள். அங்கிருந்து இன்றைக்கு ஊருக்கு நாலு பேக்கரி என்ற அளவுக்கு அது பரவிவிட்டது. கூடைக்கு அது பொருத்தமான பண்டம்தான், மறுக்க முடியாது. திராட்சை, பேரீச்சை, டூட்டி ஃப்ரூட்டி, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் ரம்மிலோ பிராந்தியிலோ ஒரு மாதம் ஊறவைத்துச் செய்த கேக், நன்றாகச் சுற்றி வைத்தால் சில வாரங்கள் கெடாது. சீனியும் சாராயமும் சேர்ந்து பூஞ்சையைக் கிட்டே விடாது. நாளாக ஆகக் கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் வாசனை உள்ளே இறங்கி ருசியும் கூடும். வேலையும் அவ்வளவு இல்லை. சீனியைக் கருக்கிக் காரமல் எடுப்பதில்தான் கவனம் வேண்டும். கருகிய சீனியில் வெந்நீரை ஊற்றும்போது சீறித் தெறிக்கும், கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளுங்கள். மற்றபடி மாவைக் கலந்து 160 டிகிரியில் வைத்துவிட்டால் அடுப்பு பார்த்துக்கொள்ளும். ஒரே நாளில் ஏழெட்டு வீட்டுக்கான கேக் தயார்.

சிக்கல் வாங்குகிறவர் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டு பாய்க்கு ரம் கேக் கொடுக்க முடியாது. சுட்டால் ஆல்கஹால் ஆவியாகிவிடும் என்று சமாதானம் சொல்வார்கள். முழுசாகப் போகாது என்பதே உண்மை. போனாலும் போகாவிட்டாலும், அவருக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். குவைத்திலும் சவூதியிலும் மதுவுக்கே தடை, அங்கே போகிற பெட்டியில் ரம் கேக்கை வைத்துத் தம்பியை வம்பில் மாட்டிவிட வேண்டாம். சரி, திராட்சைச் சாற்றில் ஊறவைக்கலாம் என்றால், பழத்தை ஒரு மாதமெல்லாம் வெளியே வைக்க முடியாது, புளித்துவிடும். ஓர் இரவு ஊறவைத்து, அல்லது சாற்றிலேயே கொதிக்கவைத்து, உடனே சுட வேண்டும். அந்த கேக்கும் ஒரு வாரத்துக்குள் தீர்ந்தால்தான் நல்லது. அப்புறம் முட்டை. கார்த்திகை ஒன்றில் மாலை போட்ட ஐயப்ப சாமிகளுக்கு விரதம் கிறிஸ்துமஸைத் தாண்டி மண்டல பூஜை வரை போகும். சைவ வீடுகளைச் சொல்லவே வேண்டாம். எல்லாவற்றையும் விட, 26-ஆம் தேதி எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மூன்று நான்கு கேக்குகள் வெட்டப்படாமல் கிடக்கும். நாலாவதாகப் போகிற கேக் நம்முடையதாக இருந்தால், எவ்வளவு பாடுபட்டுச் செய்திருந்தாலும் அது வேலைக்காரருக்கோ வாட்ச்மேனுக்கோ கைமாறிவிடும்.

முந்திரிக்கொத்துக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. பெயரில்தான் முந்திரி, உள்ளே பாசிப்பயறு, வெல்லம் அல்லது கருப்பட்டி, தேங்காய், எள், ஏலக்காய், சுக்கு சேர்த்துப் பிடித்த உருண்டை. மேலே பச்சரிசி மாவுக் கரைசல். முட்டை இல்லை, சாராயம் இல்லை, பால்கூட இல்லை. பாய் வீடு, ஐயர் வீடு, டயட்டில் இருக்கிற ஆபீஸ் தோழி (ஒன்றே ஒன்று என்று ஆரம்பிப்பார்) என்று எங்கும் கூசாமல் கொடுக்கலாம். அடுத்த வீட்டுச் சமையலையே தொடாத விரதக்காரர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு மட்டும் பழம் கொடுத்துவிடுங்கள். குமரி மாவட்டத்துக்கு வெளியே பேக்கரியில் இது சுலபத்தில் கிடைக்காது என்பது கூடுதல் பெருமை. சென்னையில் இருக்கும் நாகர்கோவில்காரருக்கு இதை அனுப்பிப் பாருங்கள், கேக்குக்கு வராத போன் இதற்கு வரும்.

ஆனால் வேலை வாங்கும். பயற்றை நிதானமாக வாசம் வரும்வரை வறுத்து, உடைத்து, தோலைப் புடைத்து, கொரகொரப்பாகத் திரிக்க வேண்டும். நைசாகத் திரித்தால் உருண்டை வாயில் மாவாக அப்பிக்கொள்ளும். அரைக் கிலோ பயறுக்கு முன்னூறு, முன்னூற்றைம்பது கிராம் வெல்லம், ஒரு சின்னத் தேங்காய் என்பது எனக்குச் சரிப்படுகிற கணக்கு. கருப்பட்டியானால் கரைத்துக் கட்டாயம் வடிகட்டுங்கள், மண் இருக்கும். கெட்டுப்போவதா நிலைத்து நிற்பதா என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: தேங்காயும் பாகும். துருவிய தேங்காயை ஈரம் சுத்தமாக வற்றிப் பொன்னிறமாகும்வரை வறுக்க வேண்டும். அரைகுறையாக விட்டால் நாலாம் நாளே காறல் அடிக்கும். பாகு கம்பிப் பதத்தில் இறங்க வேண்டும். இளம்பாகானால் உருண்டை நசநசத்துப் பூஞ்சை பிடிக்கும், முற்றினால் தாத்தாவின் பல் பத்திரம் இல்லை. உருண்டைகளை ஓர் இரவு ஆறவிட்டு, மறுநாள் மஞ்சள் தூள் சேர்த்த மாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டினாற்போல் எண்ணெயில் விட்டு எடுப்பார்கள். நாகர்கோவில் பக்கம் தேங்காயெண்ணெய்தான். மேல்தோல் இரண்டு நாளில் மொறுமொறுப்பை இழந்துவிடும், அதற்குக் கவலைப்பட வேண்டாம், உள்ளே இருப்பதுதான் பலகாரம். ஒழுங்காகச் செய்தது இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். கூரியர்காரர் பெட்டியைத் தூக்கிப் போட்டாலும் கொத்து பிரியுமே தவிர உருண்டை உடையாது.

செலவிலும் அதற்கே லாபம். முந்திரி, வெண்ணெய், உலர்பழம், முட்டை, ரம் என்று கேக்குக்குக் கடைச்சீட்டு நீளும். முந்திரிக்கொத்தில் பணத்துக்குப் பதில் கைதான் வலிக்கும். உருண்டை பிடிக்க மூன்று பேராவது வேண்டும். தனி ஆளாகச் செய்யப் போகிறவருக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன், பேசாமல் கேக்குக்கே போங்கள்.

அச்சு முறுக்கு அழகில் எல்லாரையும் தோற்கடிக்கும். அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி, எள் கலந்த கரைசலில், எண்ணெயில் சூடேற்றிய அச்சை முக்கால்வாசி மட்டும் முக்க வேண்டும். மாவு அச்சின் தலைக்கு மேல் ஏறினால் கழன்று விழாது. சீனி கூடினால் ஒட்டும், சீக்கிரம் கருகும். இவ்வளவு பாடுபட்டுச் சுட்டதைக் கூரியரில் அனுப்பினால் போய்ச் சேருவது தூள். நடந்து போய்க் கொடுக்கும் தூரத்து வீடுகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்வது என் வழக்கம், அதுவும் தகர டப்பாவில்.

தூத்துக்குடி மக்ரூனும் உடையும் ஜாதிதான். வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, மூன்றே பொருள். கேட்கச் சுலபம். வெள்ளைக்கருவில் துளி மஞ்சள்கரு கலந்தாலோ முந்திரியை எண்ணெய் விடும்வரை அரைத்தாலோ நுரை அமுங்கிவிடும். 100 முதல் 120 டிகிரிக்குள் ஒன்றரை, இரண்டு மணி நேரம் சுடுவதை விட உலர்த்துவது என்றே சொல்லலாம். கடலோர ஈரக்காற்றில் திறந்து வைத்தால் ஒரே மணி நேரத்தில் பிசுபிசுக்கும். தூத்துக்குடி போகிற யாரிடமாவது சொல்லி வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம் என்பேன். வீட்டில்தான் செய்வேன் என்பவர்கள் மிஞ்சும் மஞ்சள்கருவைக் கேக் மாவில் சேர்த்துவிடுங்கள்.

கல்கல் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மைதா உருண்டையைச் சுத்தமான சீப்பிலோ முள்கரண்டியிலோ அழுத்திச் சுருட்டி, பொரித்து, சீனிப்பாகில் புரட்டுவது. ஒரு மாதம் இருக்கும், உடையாது, குழந்தைகளை உட்காரவைத்து வேலை வாங்கலாம். ருசியில் நடுத்தரம்தான். கூடையில் இடைவெளி நிரப்ப இதைவிட நல்லது கிடையாது. இனிப்பாகவே அடுக்காமல் ஒரு பொட்டலம் தட்டையோ காராச்சேவோ வையுங்கள். முதலில் காலியாவது பெரும்பாலும் அதுதான்.

என் பங்கீடு இப்படி: வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் முந்திரிக்கொத்தும் கல்கல்லும். தெருவுக்குள் முந்திரிக்கொத்தோடு அச்சு முறுக்கு. ரம் கேக் அதை ரசிக்கிறவர் என்று தெரிந்த நாலைந்து வீட்டுக்கு மட்டும், அதையும் 25-ஆம் தேதி கொடுக்காமல் புத்தாண்டை ஒட்டிக் கொடுப்பது. அதற்குள் பேக்கரி கேக்கெல்லாம் தீர்ந்திருக்கும், ரம் கேக்குக்கோ ஒரு வாரம் கூடினால் நல்லதுதான்.

கடைசியாகக் கூடை. மணப்பாட்டு ஓலைப்பெட்டி பார்வைக்கு அள்ளிக்கொண்டு போகும், ஆனால் ஓலை ஈரத்தைத் தடுக்காது. மொறுமொறுப்பானவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, அந்த டப்பாவை ஓலைப்பெட்டிக்குள் வையுங்கள். முந்திரிக்கொத்தை எண்ணெய்த்தாளில் சுற்றி நேரடியாகவே வைக்கலாம். எதுவானாலும் சூடு முழுக்க ஆறிய பிறகு மூடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துவிடும். மேலே ஒரு சீட்டில் செய்த தேதியையும், முட்டை, முந்திரி, ரம் இருக்கிறதா என்பதையும் எழுதிவிட்டால் வாங்குகிறவர் தயங்கித் தயங்கி விசாரிக்க வேண்டியிருக்காது.