உப்புவெளியில் மீன் சாப்பிடப் போகிறீர்களா? தராசைப் பாருங்கள்

போன மாதம் கனடாவிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று எல்லாம் சுற்றிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு உப்புவெளிக் கடற்கரையில் ஒரு உணவகத்துக்குக் கூட்டிப்போனேன். நான் திருகோணமலையிலேயே பிறந்து வளர்ந்தவன். என்னை யார் ஏமாற்றப் போகிறார்கள் என்ற நினைப்பு.

அன்று போயா, பௌர்ணமி விடுமுறை நாள். அத்தான் வைன் கேட்டார். போயாவில் நாடு முழுக்க மது விற்கத் தடை என்று நான் சொல்வதற்குள், பரிமாறுகிற பையன் குனிந்து, “பியர் எண்டால் கேத்தலில ஊத்தித் தரலாம்” என்றான். அங்கேயே எழும்பியிருக்க வேண்டும்.

ஐஸ் பெட்டியில் நல்ல விளைமீன் ஒன்று கிடந்தது. கண் தெளிவு, செவுள் சிவப்பு. விலைப் பலகையில் 450 என்று பெரிதாக, கீழே 100 கிராம் என்று எறும்பு அளவில். சரி, அது இங்கே வழக்கம்தான். நிறுக்க உள்ளே கொண்டுபோனார்கள். நான் பின்னால் போகவில்லை.

சுட்டு வந்த மீனின் ருசியைக் குறை சொல்ல மாட்டேன். பில்லில் 1620 கிராம், 7290 ரூபாய். அவ்வளவு இருக்காதே என்று சமையலறை வாசலுக்குப் போனேன். தராசில் வெறும் சில்வர் தட்டு. சிவப்பு எழுத்தில் 420. தட்டுக்கு மட்டும் 1890 ரூபாய்!

“தட்டோடதான் அண்ணா எல்லாருக்கும் நிறுக்கிறது” என்றான் அந்தப் பையன். மறைக்கத் தெரியாதவன், பாவம்.

பில்லின் அடியில் சேவைக் கட்டணம் 10 வீதம், அதற்குக் கீழே பேனாவால் எழுதிய வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதம். பதிவு செய்த வியாபாரி மட்டும்தான் வற் அறவிடலாம். பதிவிலக்கம் எங்கே என்றேன். முதலாளி பேசாமல் அதே பேனாவால் அந்த வரியை வெட்டினார். தட்டுக் காசைக் கழிக்கத்தான் மனம் வரவில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கமான 1977ஐ அழுத்தப்போன பிறகு அதுவும் கழிந்தது.

போகிறவர்கள் தட்டை வைத்துப் பூச்சியமாக்கி, கண்முன்னே நிறுக்கச் சொல்லுங்கள். மொத்த விலையைக் கேட்ட பிறகு அடுப்புக்கு விடுங்கள். சிங்க இறால் என்றால் தராசைவிட்டு நகரவே வேண்டாம்.

இவ்வளவு சண்டை பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அத்தான் மெதுவாகச் சொல்கிறார், மேசையில் 1000 ரூபாய் டிப்ஸ் வைத்துவிட்டு வந்தாராம்.