1969 கமாரோ: பழைய 350-ஐப் பிரித்துக் கட்டுவதா, காயலான் கடை எல்எஸ்ஸை ஏற்றுவதா?

124379 என்ற எண்கள், அதையடுத்து 'என்' என்ற ஆங்கில எழுத்து. முன்கண்ணாடிக்குக் கீழே, டிரைவர் பக்க டேஷ்போர்டு ஓரத்துச் சின்னத் தகட்டில் எண் இப்படித் தொடங்கினால், அது ஒஹாயோ மாநிலம் நார்வுட் ஆலையில் வி8 என்ஜினோடு பிறந்த 1969 மாடல் ஷெவர்லே கமாரோ. 'என்' இருக்கும் இடத்தில் 'எல்' இருந்தால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ் ஆலை. அந்த ஒரு மாடலில் மட்டும் இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் அதிகமான வண்டிகள் வெளிவந்தன. அதனால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமே இல்லை. கதவுக் கைப்பிடி முதல் முழு பாடி வரை இன்றும் புதிதாக அடித்து விற்கிறார்கள். அமெரிக்காவில் வீட்டுக் கேரேஜில் வெட்டி ஒட்டி வேலை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இந்த வண்டியைத் தேடிப் போவதற்கு அதுதான் காரணம்.

பலரும் இதை மஸில் கார், அதாவது பெரிய என்ஜின் வைத்த வேக வண்டி, என்பார்கள்; கறாரான ரசிகர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 1964-இல் 389 கன அங்குல என்ஜினோடு வந்த போன்டியாக் ஜிடிஓ மாதிரி நடுத்தர வண்டிகள்தான் மஸில், கமாரோவும் ஃபோர்டு மஸ்டாங்கும் அதைவிடச் சின்ன 'போனி' வகை என்பார்கள். அந்த வழக்கு அப்படியே இருக்கட்டும். கையில் ஸ்பேனரோடு நிற்பவருக்கு அதனால் ஒன்றும் மாறப்போவதில்லை.

நான் இந்த வண்டியோடு பழகியது நண்பர் ஒருவரின் கேரேஜில், மூன்று குளிர்காலம். அந்த அனுபவத்தில் ஒன்று உறுதியாகப் புரிந்தது. வீட்டில் செய்யும்போது வெல்டிங் பெரிய தடை இல்லை. பழைய தகட்டில் நாற்பது மணி நேரம் பழகினால் கை படிந்துவிடும். தடையாக இருப்பது அளவு. நாம் செய்தது சரிதானா என்று நம்மிடம் இருக்கும் கருவியாலேயே பார்த்துத் தெரிந்துகொள்ள முடிகிற வேலை எது, முடியாத வேலை எது? ஒவ்வொரு முடிவையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

என்ஜின்

முதலில் 350, அதாவது 350 கன அங்குலக் கொள்ளளவு கொண்ட பழைய வி8 என்ஜின். ஷெவர்லேயின் ஸ்மால் ப்ளாக் 1955-இல் 265 கன அங்குலத்தில் தொடங்கியது. அதன் 350 வடிவம் முதன்முதலில் வந்ததே 1967 கமாரோவில்தான். லிட்டர் கணக்கில் 5.7. பிரிப்பது சுலபம், சேர்ப்பது சுலபம், எந்த ஊர்க் கடையிலும் பாகம் கிடைக்கும். கார்பரேட்டர் வழியாகப் பெட்ரோல், டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகப் பொறி. என்ன கோளாறு என்றாலும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

ஆனால் உள்ளே போனால் கதை வேறு. சிலிண்டர் தேய்ந்திருந்தால் 4 அங்குல விட்டத்தை 4.030-க்கு ரீபோர் செய்ய லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். ப்ளாக்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதும் அங்கேதான். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய நூலை வைத்து இறுக்கி, அது நசுங்கிய அகலத்தைப் பார்த்து இதை ஓரளவு கணிக்கலாம். கிராங்க் வட்டம் குலைந்திருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்பதை அந்த நூல் சொல்லாது. அதற்கு மைக்ரோமீட்டரும் போர் கேஜும் வேண்டும், அவற்றைப் பிடித்துப் பழகிய கையும் வேண்டும்.

அப்புறம் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு. 1969 என்ஜினில் அதன் மேல் உரசி ஓடுவது தட்டையான டேப்பெட். புது கேம் போட்டால், முதல் தடவை ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்தே நிமிஷத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் வைத்து இருபது நிமிஷமாவது ஓட விட வேண்டும். ஐட்லிங்கில் விட்டால் கேமின் மேடு தேய்ந்துவிடும். எண்ணெயிலும் கவனம் வேண்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்றுவதற்காக இன்றைய எண்ணெய்களில் துத்தநாகச் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள். பழைய டேப்பெட்டுக்கு அது குறையக் கூடாது.

எதிர்ப்பக்கம் எல்எஸ். 1997 கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் எல்எஸ்1 என்ற பெயரில் வந்த என்ஜின் குடும்பம். அதே ஷெவர்லே, அதே வி8, கேம் அதேபோல ப்ளாக்குக்குள்ளேயே. ஆனால் ஹெட் வேறு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில், டேப்பெட்டும் உருளை வகை. வீட்டில் செய்கிறவர்கள் பெரும்பாலும் கார்வெட் என்ஜினைத் தேடுவதில்லை. 1999 முதல் சில்வரடோ, டாஹோ மாதிரி ஷெவர்லேயின் பிக்கப் லாரி, எஸ்யூவி வண்டிகளில் வந்த 5.3 லிட்டர் இரும்பு ப்ளாக்கைத்தான் காயலான் கடையிலிருந்து தூக்கி வருகிறார்கள். தொடக்கத்தில் அது 270 குதிரைத்திறன், பின்னாளில் 295.

1969 கமாரோ எஸ்எஸ் 350-க்கு 300 குதிரைத்திறன் என்று அச்சடித்திருக்கிறதே, அப்படியானால் பழசுதானே பெரியது? இல்லை. அந்தக் காலத்து 300 என்பது ஏர் ஃபில்டர், ஆல்டர்னேட்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் வெறும் என்ஜினை மேடையில் வைத்து அளந்தது. 1972 மாடல் முதல்தான் அமெரிக்கக் கம்பெனிகள் எல்லாம் பொருத்திய நிலையில் அளந்த எண்ணைப் போட ஆரம்பித்தன. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது படியையும் கிலோவையும் ஒப்பிடுவது மாதிரி. கொள்ளளவில் சின்னதாக இருந்தும் 5.3 நடைமுறையில் முந்திக்கொண்டு போகும்.

எல்எஸ்ஸின் கஷ்டமெல்லாம் என்ஜினுக்கு வெளியே இருக்கிறது. மவுண்ட் ஒத்துவராது, இடையில் தகடு வேண்டும். லாரியின் ஆயில் சம்ப் ஆழமானது, கமாரோவின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே தொங்கும். இன்டேக் உயரம் அதிகம், பானெட்டை இடிக்கும். கார்பரேட்டருக்குப் பெட்ரோல் அழுத்தம் ஆறேழு பிஎஸ்ஐ போதும். இதற்கு 58 பிஎஸ்ஐ வேண்டும். ஆக டாங்குக்குள் பம்ப், புதுக் குழாய். பழைய ரப்பர் ஹோஸை இந்த அழுத்தத்தில் விட்டுவைத்தால் வண்டி தீப்பிடிக்கும், இதில் ஒரு சதவீதம்கூடச் சமரசம் கூடாது. வயரிங்கைப் பிரித்து வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், கணினியில் இருக்கும் திருட்டுத் தடுப்புப் பூட்டை எடுத்துவிட வேண்டும், கீர்பாக்ஸ் தாங்கும் சட்டத்தை நகர்த்த வேண்டும்.

பட்டியல் நீளம்தான். ஆனால் இதில் ஒவ்வொன்றையும் டேப்பாலும், கோணமானியாலும், மல்டிமீட்டராலும் சரிபார்க்கலாம். கீர்பாக்ஸின் அச்சும் பின் ஆக்சிலின் பினியன் அச்சும் இணையாக இருக்கின்றனவா, ஒவ்வொரு யு-ஜாயிண்டிலும் கோணம் ஒன்றிலிருந்து மூன்று டிகிரிக்குள் அடங்குகிறதா என்று பார்க்க ஒரு சின்னக் காந்தக் கோணமானி போதும். ஆயிரத்தில் இரண்டு பங்கு என்ற அந்த நுணுக்கத்தை ஆலையே என்ஜினுக்குள் செய்து கொடுத்துவிட்டது. நமக்கு மிச்சம் இருப்பது அங்குலக் கணக்கு. அதனால்தான் சொல்கிறேன்: 350 மெக்கானிக்கின் என்ஜின், எல்எஸ் ஃபேப்ரிகேஷன் செய்கிறவரின் என்ஜின். இரும்பை வெட்டி ஒட்டத்தான் ஆசை என்றால் எல்எஸ்ஸில் வேலை ஏராளம்.

அங்குலக் கணக்கும் காலை வாரும். நாங்கள் எல்எஸ்ஸை இறக்கி, மவுண்டை வெல்ட் செய்து, எல்லாம் பொருந்திவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பியபோதுதான் தெரிந்தது: சக்கரம் நேராக இருக்கையில் விலகியிருந்த, இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டியரிங் தண்டு, முழுக்கத் திரும்பும்போது சம்பின் மூலையில் உரசுகிறது. என்ஜினை மறுபடி தூக்க இரண்டு வார இறுதிகள் போயின. வெறும் ப்ளாக்கையும் சம்பையும் மட்டும் வைத்து, முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்த பிறகுதான் வெல்டிங் துப்பாக்கியை எடுக்க வேண்டும்.

நடுவே ஒரு வழியும் உண்டு. 350-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, கார்பரேட்டர் உட்காரும் இடத்தில் பெட்ரோலைப் பீய்ச்சும் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் அமைப்பை உட்கார வைப்பது. காலையில் சட்டென்று ஸ்டார்ட் ஆகும், மலை ஏறினாலும் தடுமாறாது. ஆனால் உயர் அழுத்தப் பம்பும் குழாயும் இதற்கும் வேண்டும். அந்த வேலையில் பாதியைச் செய்த பிறகு மிச்சத்துக்குத் தயங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் 350 என்றால் மட்டும் இதைப் பரிந்துரைப்பேன்.

முன்பக்கச் சட்டம்

இங்கேதான் கமாரோ வீட்டுக்காரருக்கு நண்பன். மஸ்டாங்கில் பாடியும் சட்டமும் ஒன்றே. முன் சஸ்பென்ஷனை மாற்ற என்ஜின் அறைக்குள் துருத்தி நிற்கும் கோபுரங்களையே வெட்ட வேண்டிவரும். கமாரோவின் முன்பாதி ஒரு தனிச் சட்டம், பாடியோடு போல்ட்டில் நிற்கிறது. கழற்றினால் முன்பக்கம் முழுவதும் தனியாக வந்துவிடும்.

வாய்ப்பு இரண்டு. ஒன்று, பழைய சட்டத்தைச் சுத்தம் செய்து, சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு சஸ்பென்ஷன் கைகளில் மேல் கையின் துளையை மட்டும் இடம் மாற்றுவது. பந்தய ஓட்டுநர் டிக் கல்ட்ஸ்ட்ராண்டின் பெயரால் அழைக்கப்படும் திருத்தம் இது. ஆலை வடிவத்தில் வளைவில் சாயும்போது டயரின் தலை வெளிப்பக்கம் சாய்ந்துவிடும். மேல் கையின் பிடிப்பைக் கீழே இறக்கினால் உள்ளே சாயும், டயர் தரையைக் கவ்விக்கொள்ளும். மஸ்டாங்காரர்கள் ஷெல்பி பெயரில் ஒரு அங்குலம் இறக்குவதும் இதே யோசனைதான். செலவு ஒரு நல்ல டிரில் பிட்டும் ஒரு அச்சுத் தகடும்.

இன்னொன்று, கடையில் விற்கும் புதுச் சட்டம்: ரேக் ஸ்டியரிங், பெரிய பிரேக், சுருள் ஸ்பிரிங் சுற்றிய டேம்பர் எல்லாம் சேர்த்து. அருமையான பொருள், விலையும் அதற்கேற்றபடி. தெருவில் ஓட்டும் வண்டிக்கு முதல் வழியே போதும் என்பேன். எதைப் போட்டாலும் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றுதான்: சட்டத்திலும் பாடியிலும் ஆலையே விட்டிருக்கும் துளைகள் வழியாக ஒரு கம்பியை நுழைத்துப் பார்ப்பது, கொத்தனார் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வைப்பது, மூலைவிட்டம் இரண்டையும் அளப்பது. இரண்டு நீளமும் ஒன்றானால் நிம்மதி.

தகடும் துருவும்

துருப்பிடித்த பின்பக்கவாட்டுத் தகட்டை முழுதாக மாற்றுவதா, அழுகிய இடத்தில் மட்டும் துண்டு வைப்பதா? துண்டு சிக்கனமாகத் தெரியும், ஆனால் வெல்டிங் கோடு அகலமான சமதளத்தின் நடுவில் வந்து விழும். ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தகடு சூட்டில் அலை அலையாக நெளிந்துவிடும், அதை மறைக்கப் பட்டி மேல் பட்டி. முழுத் தகட்டை மாற்றினால் ஆலை இணைத்த ஓரத்திலேயே இணைக்கலாம். வேலை அதிகம், முடிவு சுத்தம். சக்கர வளைவின் கீழோரத்துக்குத் துண்டு போதும்; அதற்கு மேல் துரு ஏறியிருந்தால் முழுத் தகடுதான். வெல்ட் வைக்கும் முன் கதவையும் டிக்கியையும் மாட்டி, இடைவெளி ஒரே சீராக ஓடுகிறதா என்று பார்த்தே தீர வேண்டும். வண்டி அப்போது தன் சக்கரத்தில் நிற்க வேண்டும், ஏனோதானோ என்று ஜாக்கியில் அல்ல.

மெஷினைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை. கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் வயர் சூட்டை அள்ளிக் கொட்டும், பொறி தெறிக்கும், மெல்லிய தகட்டுக்கு வேண்டாம். டிக் (TIG) வெல்டிங்கின் தையல் மென்மையானது, சுத்தியலால் தட்டிச் சமன்செய்யலாம், பார்க்க அழகு. ஆனால் துருவும் பெயிண்டும் துளி இருந்தாலும் அது ஒத்துழைக்காது, 55 வருஷத்துக்கும் பழைய தகட்டில் இரண்டும் இருக்கும். 0.023 அங்குல வயர், 75 சதவீத ஆர்கான், 25 சதவீத கார்பன் டை ஆக்சைடு போட்ட மிக் (MIG) மெஷின்தான் வீட்டுக்கு. ஒரே இழுவையாக இழுக்காமல் பொட்டுப் பொட்டாக, தள்ளித் தள்ளி வைத்து ஆறவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் தகட்டைத் துடைத்துவிட்டு அதன் மேல் வெல்டிங் செய்யாதீர்கள். அந்தச் சூட்டிலும் ஒளியிலும் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். அசிட்டோனால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் ஆரம்பியுங்கள்.

முழு பாடியையே புதிதாக வாங்குவதும் ஒரு வழி. டைனாகார்ன் என்ற நிறுவனம் 1969 கமாரோ பாடியை விற்கிறது. துரு வேலை முழுவதும் மிச்சம். ஆனால் பழைய வண்டியின் எண் தகட்டைக் கழற்றிப் புதிதில் ஒட்டினால் கூட்டரசுச் சட்டப்படி குற்றத்தில் மாட்டலாம். அந்த மாநிலத்தின் பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்காமல் இதில் இறங்காதீர்கள்.

பின்பக்கம் சுருக்கமாக: நாலு கம்பி சஸ்பென்ஷன் பந்தயத்துக்கு நல்லது, ஆனால் தரையை வெட்ட வேண்டும், தெருவுக்கு நல்ல ஸ்பிரிங் பட்டை போதும். 1967-இல் ஒற்றைப் பட்டை போட்டதால் ஆக்சில் துள்ளியது, அதைத் தவிர்த்தால் சரி. முன் சட்டத்தையும் பின் சட்டத்தையும் இணைக்கும் குழாயை போல்ட்டில் மாட்டாமல் வெல்ட் செய்யுங்கள். முன்பக்க டிரம் பிரேக்கை முதல் வேலையாக டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

ஆக, என் கையில் ஒரு துருப்பிடித்த 1969 கமாரோவும் ஒரு மிக் மெஷினும் இருந்தால்: 5.3 லிட்டர் எல்எஸ், துளை மாற்றிய பழைய முன்சட்டம், முழுப் பின்பக்கவாட்டுத் தகடு. ப்ளாக்கின் முன் வலது பக்கத்தில் பொறித்த எண் வண்டியின் எண்ணோடு ஒத்துப்போனால், அந்த 350-ஐ விற்க மாட்டேன். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, ஸ்பார்க் பிளக்கைத் திருகி, ஸ்டாண்டில் ஏற்றி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கேரேஜ் மூலையில் வைப்பேன். பழைய மவுண்ட் போல்ட்டுகளையும் ஒரு டப்பாவில் போட்டு, பெயர் எழுதி, அதன் மேலேயே.